பாத்திரம் ஒன்று, சம்பந்தம் வேறு

எங்கள் திருச்சபையில் ஒரு திருமணம் நடப்பதற்கு முன்பாக, மணமக்களின் பெயர்களைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையின் நடுவே வாசிப்பது வழக்கம். ஓலை வாசிப்பது என்று சபையார் இதனைச் சொல்வார்கள். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், சபையின் பெயர் ஆகியவற்றைச் சொல்லி, இந்த இருவரும் விவாகத்தில் இணைவதற்கு நியாயமான தடை ஏதேனும் இருப்பது யாருக்காவது தெரிந்தால் அதனை அறிவிக்க வேண்டும் என்று ஆயர் சபையைக் கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்விக்கு ஆலயத்திற்குள் எவரும் எழுந்து நின்று பதில் சொல்லி நான் கண்டதில்லை. பதில் மாலையில்தான் வரும். ஆயராகிய என் இல்லத்துக் கூடத்தில், குடும்ப நலம் எல்லாம் விசாரித்து முடித்து, காப்பியும் குடித்த பிறகு, "பையன் தங்கமான பையன்தானுங்க ஐயா, அதுல ஒண்ணும் குறை சொல்றதுக்கில்லீங்க. ஆனா அவங்க வேற ஆளுங்க இல்லீங்களா?" என்று அது தொடங்கும்.

சட்டம் எவற்றைத் தடை என்கிறது என்பதில் குழப்பம் ஏதும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, திருச்சபையின் விதிகளை எடுத்துக்கொண்டாலும் சரி, மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்கிறதா, இருவரில் எவருக்கேனும் உயிரோடிருக்கும் துணை உண்டா, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு ஏதேனும் இருக்கிறதா, இருவரும் மனமொப்பி வந்திருக்கிறார்களா என்பவைதான் பார்க்கப்பட வேண்டியவை. அவற்றுள் சாதி இல்லை. இருந்தும், பேச்சுவார்த்தை வரை வந்து, மூன்றாம் ஓலையை எட்டாமலே நின்றுபோன திருமணங்களாக நான் அறிந்தவற்றில் பெரும்பாலானவை, மேற்சொன்ன காரணங்களில் எதனாலும் நின்றவையாக இல்லை.

சேலம் நகரத்துச் சபை ஒன்றின் அமைப்பை வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். இங்கிலாந்து மிஷனெரி அமைப்பான லண்டன் மிஷனின் காலத்திலேயே திருமறைக்குள் வந்த உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு பகுதி. இவர்களில் மிகுதியானோர் சுற்றுக் கிராமங்களின் சேரிகளிலிருந்து, பெரும் விலை கொடுத்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். இரயில்வே, இரும்பாலை, வங்கி, பள்ளிக்கூடம் என்று வேலை கிடைத்துத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்து வந்து இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பங்கள் இன்னொரு பகுதி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்தவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் எல்லாரும் ஒரே பாடகர் குழுவில் பாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு ஒரே வேனில் போகிறார்கள். பெரிய வெள்ளியன்று ஒன்றாக உபவாசித்து, ஒன்றாகவே கஞ்சி குடிக்கிறார்கள். சபையை நிர்வகிக்கும் ஆயர் மன்றத்துக்குத் தேர்தல் வரும்போது மட்டும் பழைய கோடுகள் சற்றே தெரியும். அதைப் பற்றி இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. தேர்தல் முடிந்தால் அந்தக் கோடுகள் மங்கிவிடுகின்றன. கொள்வினை கொடுப்பினையில் இருக்கும் கோடுதான் மங்குவதே இல்லை.

நாளிதழ்களின் மணமக்கள் தேவைப் பகுதியைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். திருச்சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே சொல்லைப் போல அச்சிட்டிருப்பார்கள். அடுத்த வரியில் 'ஜெபிக்கும் குடும்பம்', 'இரட்சிக்கப்பட்ட பெண் தேவை' என்று இருக்கும். இவற்றைவிட என்னை அதிகமாக உறுத்துவது வேறொரு வகை விளம்பரம்: 'சாதி தடையில்லை' என்று தாராளமாகத் தொடங்கி, 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று முடிப்பது. முன்னதை எழுதியவர் தம் ஊர் வழக்கத்தை யோசிக்காமல் பின்பற்றுகிறார் என்று சொல்லிவிடலாம். பின்னதை எழுதியவரோ உட்கார்ந்து யோசித்து, எந்தக் கோட்டை அழிப்பது, எந்தக் கோட்டைக் காப்பது என்று முடிவெடுத்தே எழுதியிருக்கிறார்.

நமது திருச்சபைகள் சாதியோடு போராடவே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் வழிவந்த பழைய சபைகளில், ஆலயத்திற்குள்ளேயே அவரவர் சாதிக்கென்று தனித்தனி இடங்களில் அமர்ந்து வழிபடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை திருச்சபைக்குள் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்கு எழுந்த எதிர்ப்புச் சிறியதன்று. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் பக்திக் கவிஞரே எதிர்ப்பின் முன்னணியில் நின்றார் என்பதை இன்றைக்கு அவருடைய பாடல்களை உருகிப் பாடும் நாம் மறந்துவிடுகிறோம். பாடல் பாடலாகவே இருக்கட்டும், அதனை நான் குறைத்துப் பேசவில்லை. பக்தி ஆழமாக இருப்பதனாலேயே சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் இதனைச் சொல்லிவைக்கிறேன்.

பின்னர் 1850ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மிஷனெரிகள், சாதியைக் கைவிட மறுப்பவரைச் சபையில் சேர்த்துக்கொள்வதில்லை என்றும், யார் சமைத்துப் பரிமாறினாலும் ஒன்றாக அமர்ந்து உண்ண ஆயத்தமாக இருப்பதே சாதியைக் கைவிட்டதற்கு அடையாளம் என்றும் தீர்மானித்தார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள் இதில் கையொப்பமிடவில்லை. சாதி ஒரு சமூக ஏற்பாடு, அதனைப் பலவந்தமாக உடைக்கக் கூடாது, சுவிசேஷம் மெதுவாக அதனை மாற்றும் என்பது அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் போன்றோரின் எண்ணம். லண்டன் மிஷன் உள்ளிட்ட மற்றவர்கள் உணவையே உரைகல்லாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் சேலத்துச் சபைகள் இந்த இரண்டாவது மரபில் வந்தவை. 1827ஆம் ஆண்டில் ஹென்றி கிறிஸ்ப் இங்கே லண்டன் மிஷனின் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் நெடுங்காலம் சேலத்தில் உழைத்து, தொழிற்பள்ளி நிறுவி, 1861ஆம் ஆண்டில் மறைந்த ஜான் மைக்கேல் லெக்லர், அதற்கு முன்பு திருநெல்வேலியில் மிஷனெரி ரேனியுஸ் ஐயரோடு பணியாற்றியவர். தம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் ரேனியுஸ் விட்டுக்கொடுக்காதவர். ஆகவே, பந்தியில் வேற்றுமை கூடாது என்பது எங்களுக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. லண்டன் மிஷனின் சபைகள் 1908ஆம் ஆண்டில் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோதும் அந்தச் சொத்து கைமாறாமல் எங்களிடமே வந்து சேர்ந்தது.

அந்த மிஷனெரிகள் பந்தியைப் பிடித்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் காலத்தில் ஒருவர் சமைத்ததை இன்னொருவர் உண்பதுதான் சாதியின் காவல் அரண். ஆனால், அந்த அரணைத் தகர்த்ததில் திருச்சபையின் பங்கை நாம் மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. இரயில் வண்டி, நகரத்து உணவகம், தொழிற்சாலைக் கேன்டீன், 1956ஆம் ஆண்டில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982ஆம் ஆண்டின் சத்துணவு ஆகியவை எல்லாம் சேர்ந்து, எந்தப் பிரசங்கமும் இல்லாமலே, கோடிக்கணக்கானவர்களை ஒரே வரிசையில் அமரவைத்துவிட்டன. சத்துணவுக் கூடங்களில் இன்றும் அங்கங்கே சமையலரின் சாதியைக் காட்டித் தகராறு எழுகிறது என்பது உண்மை. இருப்பினும், சேலத்தில் மதிய நேரத்தில் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைகிறவர், பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை சாதிக்கே இப்போது இல்லை. அது பந்தியை விட்டு எழுந்து, வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

லாகூர் மாநாடு ஒன்றுக்காக 1936ஆம் ஆண்டில் எழுதி, நிகழ்த்தப்படாமலே போன உரையில் அண்ணல் அம்பேத்கர் இதனைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: உடன் உண்பது மட்டும் சாதியை ஒழிக்காது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்பது அவருடைய முடிவு. 1850ஆம் ஆண்டின் தீர்மானத்தோடு இதனைச் சேர்த்துப் படிக்கும்போது, நம் சபைகள் எந்த இடத்தில் நின்றுவிட்டன என்பது விளங்கும். திருவிருந்தில் நாம் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். 'அநேகரான நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம்' என்கிறோம். பீடத்தின் முன் முழங்காற்படியிடும்போது பக்கத்தில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளையே பெண் கேட்டு வந்தால் பார்க்கிறோம். திருவிருந்தில் ஒரே சரீரம் என்று அறிக்கையிட்ட பிறகு, அந்தச் சரீரத்தின் ஓர் அவயவம் இன்னொன்றோடு உறவுகொள்ளத் தகாது என்று சொல்வது, என் பார்வையில், ஊர் வழக்கம் பற்றிய கருத்து வேறுபாடு அன்று. அது திருவிருந்தைப் பற்றிய பொய்ச் சாட்சி.

இந்தப் பேச்சை எடுத்தால், வேதாகமத்தைத் திறந்துகொண்டு மறுப்புச் சொல்லும் பெரியவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்கள் முதலில் எடுப்பது ஆதியாகமம் 24ஆம் அதிகாரம். விசுவாசிகளின் தகப்பனாகிய ஆபிரகாமே தம் மகனுக்குக் கானானியரிடத்தில் பெண் கொள்ளாமல், தம் இனத்தாரிடத்தில் ஊழியக்காரனை அனுப்பினாரே என்பார்கள். அடுத்தது எஸ்றாவின் புத்தகம். அந்நிய ஜாதியான ஸ்திரீகளைத் தள்ளிவிட்ட நிகழ்ச்சி. மூன்றாவது, 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்னும் கொரிந்தியருக்கு எழுதிய வசனம். இவற்றுக்குப் பதில் சொல்வது கடினமன்று. இந்த மூன்று இடங்களிலும் கேள்வி, யாரை வணங்குகிறார்கள் என்பதைப் பற்றியதே. ஒரே தேவனை வணங்கி, ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே சபையின் பதிவேட்டில் இருக்கும் இருவரை இந்த வசனங்களைக் கொண்டு பிரிப்பவர், விசுவாசிகள் என்ற சொல் இருக்கும் இடத்தில் தம் சாதியின் பெயரை எழுதிப் படிக்கிறார். எஸ்றாவைக் கையில் எடுப்பவர் ரூத்தின் புத்தகத்தையும் கூடவே எடுக்க வேண்டும். மோவாபியப் பெண்ணாகிய ரூத் தாவீதின் பாட்டன் ஓபேத்தைப் பெற்றாள். மத்தேயு தம் சுவிசேஷத்தைத் தொடங்கும் வம்ச வரலாற்றில், ஏரிகோவின் ராகாபும் இந்த ரூத்தும் மறைக்கப்படாமல் நிற்கிறார்கள்.

ஆயினும், வசனத்துக்கு வசனம் சொல்லி வெல்வதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் இரண்டு பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுகிறேன். முதலாவது கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேமிலிருந்து, யாக்கோபினிடத்திலிருந்து, சிலர் வந்ததும் 'பயந்து, விலகிப் பிரிந்தான்' என்கிறார் பவுல். பேதுருவின் உபதேசத்தில் அன்றைக்கு எந்தப் பிழையும் இல்லை. அவர் யாரையும் தாழ்வாகப் பேசவுமில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். என் கூடத்தில் அமர்ந்து பேசும் பெற்றோரில் பத்தில் எட்டுப் பேர் சொல்வதும் இதுவே. "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. நாங்க எல்லாரையும் ஒண்ணாத்தான் பாக்குறோம். நாளைக்கு ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா சொந்தக்காரங்க வந்து நிக்கணுமில்லீங்களா?" என்பார்கள். அது பொய்யன்று. அவர்களுடைய அண்ணன் தம்பிகள் உண்மையாகவே வராமல் போவார்கள். அடுத்த மகளுக்கு வரன் வருவது உண்மையாகவே நின்றுபோகும். இந்த அச்சத்தைக் கேலி செய்யும் பிரசங்கிகள், தம் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் வரும்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பவுல் பேதுருவின் அச்சத்தைப் புரிந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. எல்லாருக்கும் முன்பாகவே எதிர்த்துப் பேசினார். அச்சம் பேதுருவுடையது, அதன் விலையைக் கொடுத்தவர்களோ பாதிச் சாப்பாட்டில் தனித்து விடப்பட்ட புறஜாதியார்.

இரண்டாவது பகுதி எண்ணாகமம் 12ஆம் அதிகாரம். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைக் குறித்து, அவருடைய உடன்பிறந்தவர்களான மிரியாமும் ஆரோனும் விரோதமாகப் பேசினார்கள். கர்த்தர் மோசேயைக் கடிந்துகொள்ளவில்லை. பேசிய மிரியாம் குஷ்டரோகியாகி, பாளயத்திற்குப் புறம்பே ஏழு நாள் இருக்க வேண்டியதாயிற்று. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்தவற்றையே நான் வலியுறுத்துவேன். தன் மனைவியை இழித்துப் பேசியவளுக்காக மோசே கெஞ்சி ஜெபிக்கிறார்; மிரியாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும் வரைக்கும் ஜனங்கள் பிரயாணப்படாமல் காத்திருக்கிறார்கள். திருமணத்தை எதிர்த்த பெற்றோரையும் அண்ணன்மாரையும் சபை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் காணவில்லை. திருமணத்தை நிறுத்துவதில்லை, எதிர்த்தவர்களைக் கைவிடுவதும் இல்லை.

ஓமலூர் எங்களுக்கு அடுத்த ஊர். அங்கிருந்து வந்த ஒரு பொறியியல் பட்டதாரி இளைஞர், தலித், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே இரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2022ஆம் ஆண்டில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அந்தச் செய்தியைப் பேசும்போது நம் சபையார் பலர், நம்மவர்களுக்குள் இப்படியெல்லாம் நடக்காது என்று ஆறுதல்பட்டுக்கொண்டதைக் கேட்டேன். வெட்டுவதும் கொல்வதும் நம் கூடங்களில் பேசப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், மகளின் கைபேசியைப் பிடுங்கி வைப்பதும், படிப்பை நிறுத்தி அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுவதும், தாய் மருந்துப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மிரட்டுவதும் நம் கிறிஸ்தவ வீடுகளில் நடக்கின்றன. இவற்றைக் குடும்ப விஷயம் என்று விட்டுவிட ஆயருக்கு உரிமை இல்லை. வயது வந்த இருவர் தாமே விரும்பிச் செய்யும் திருமணத்தைத் தடுக்க உறவினருக்கோ ஊர்க் கூட்டத்திற்கோ அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்து, அப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டக் காவல் துறை பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது. இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒவ்வொரு வாலிபர் கூட்டத்திலும் ஒருமுறையாவது சொல்லிவைப்பது நல்லது.

இனி, சபைக்கு வெளியிலிருந்து வரும் ஒரு முடிச்சு. ஏற்காட்டுப் பக்கம் ஊழியம் செய்த காலத்தில் அது எனக்கு நன்றாக விளங்கியது. சேர்வராயன் மலையில் காப்பி, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரையின் முயற்சியால் வேரூன்றியது. தோட்டங்கள் பெருகப் பெருக, சமவெளியிலிருந்து தலித் குடும்பங்கள் வேலைக்கு மலையேறின. மலையின் மூத்த குடிகள் மலையாளிப் பழங்குடியினர். சேர்வராயன் சாமியின் கோயில் மலை உச்சியில் இருப்பதே அவர்கள் யார் என்பதைச் சொல்லும். டேனிஷ் லுத்தரன் மிஷனெரிகளும் மற்றவர்களும் இந்த மலையில் உழைத்ததனால், இரு தரப்பிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. இப்போது, ஒரே தோட்டத்தில் பழம் பறிக்கும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளிக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பழங்குடியினராகவே இருக்கிறது. ஏனெனில் பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் இருக்கும் தலித் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றால் பட்டியல் சாதியாக இருக்க முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அப்படிச் சொல்கிறது. சீக்கியருக்கு 1956ஆம் ஆண்டிலும் பௌத்தருக்கு 1990ஆம் ஆண்டிலும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திருத்தப்படவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ஆம் ஆண்டில் பரிந்துரைத்தும், தமிழ்நாடு சட்டமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியும் நிலைமை அப்படியே. நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லாமற்போகிறது. ஊரில் அவர்களை இழிவாக நடத்துகிறவர் மட்டும் அவர்களுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

இது திருமணத்தில் எப்படி முடிச்சாகிறது என்றால், தலித் கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் ஆலயத்தில் மணம் செய்துகொண்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டால், அவருடைய மதத்துக்கு அதைவிட வலுவான எழுத்துச் சாட்சி வேறில்லை. "ஐயா, நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க, ரெஜிஸ்டர்ல எழுத வேண்டாம்" என்று கேட்டு வருகிறவர்களை, விசுவாசத்தில் தளர்ந்தவர்கள் என்று சில ஆயர்கள் கடிந்துகொள்கிறார்கள். எனக்கு அந்தக் கடிந்துரை வாயில் வருவதில்லை. படிப்பும் வேலையும் சேர்ந்து பறிபோகும் அபாயம் தம் வீட்டில் ஒருபோதும் இல்லாதவர்கள், அது இருக்கிற வீட்டின் விசுவாசத்தை அளக்கக் கூடாது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் நடத்தும் திருமணத்தைப் பதியாமல் விட முடியாது என்பதால், அவர்களிடம் ஒளிவுமறைவின்றி விளைவுகளைச் சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபையின் ஏட்டில் பெயர் இல்லாதவர்கள் ஆயர் மன்றத்தில் வாக்களிக்க முடியாது, சபை நடத்தும் வரன் சேவையிலும் இடம்பெற மாட்டார்கள். ஆணை வெளியிலிருந்து தள்ளுகிறது, நாம் உள்ளிருந்து தள்ளுகிறோம். நடுவில் நிற்கிறவர்களிடம் போய்ச் சகோதர அன்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம்.

மலையில் இன்னொன்றும் கண்டேன். பழங்குடிக் கிறிஸ்தவப் பெண்ணும் லைன் வீட்டுக் கிறிஸ்தவப் பையனும் விரும்பினால், தடை சொல்கிறவர்கள் சமவெளியிலிருந்து வந்த மேல்சாதியினர் அல்லர். பெண்ணின் ஊர்ப் பெரியவர்கள்தாம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடையிலும் தாழ்வு மேடு உண்டு என்பதைக் கேட்டு, 'பார்த்தீர்களா, எல்லாரும் அப்படித்தான்' என்று நிம்மதியடைய வேண்டியதில்லை. மேலிருந்து இறங்கும் சரிவு கடைசிப் படி வரை நீளுகிறது என்பதற்கே அது சான்று.

சேலத்தில் இருந்துகொண்டு இதனைப் பேசும்போது, ஈ.வெ.ரா. பெரியாரின் இயக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944ஆம் ஆண்டில் இந்த ஊரில் நடந்த மாநாட்டில். கடவுள் இல்லை என்பவர்களோடு எனக்கு இருக்கும் வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், புரோகிதரும் தாலியும் இன்றி, சாதி பாராமல் மணம் செய்துகொள்ளலாம் என்று மேடை போட்டுச் சொல்லி, அவ்வாறே நூற்றுக்கணக்கில் செய்துவைத்து, 1967ஆம் ஆண்டில் அண்ணாவின் அரசு சட்டமாக்கும் வரை அதனைக் கொண்டுபோனவர்கள் அவர்கள். நம்மிடம் ஏற்கெனவே சட்டம் இருந்தது. நாம் புரோகிதர் தேடவோ நாள் நட்சத்திரம் பார்க்கவோ வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்ற உபதேசமும் கையில் இருந்தது. இவ்வளவு இருந்தும், நம் ஓலைகளில் பாதியாவது சாதி கடந்தவை என்று சொல்ல முடியாத நிலையில்தான் இருக்கிறோம்.

ஆயர்களாகிய நாம் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். நமக்கு வரும் கைபேசி அழைப்புகளில் பாதி, "நல்ல வரன் இருந்தா சொல்லுங்க ஐயா" என்பதுதான். எந்த வீட்டுக்கு எந்த வீட்டைச் சொல்வது என்று நாம் தேர்ந்தெடுக்கும்போதே, யாரும் கேட்காமலே, 'பொருத்தம்' பார்த்துவிடுகிறோம். ஜாதகப் பொருத்தத்தைப் பிரசங்க பீடத்தில் கண்டிக்கும் நாம், இந்தப் பொருத்தத்தை மட்டும் பக்குவம் என்று நினைக்கிறோம். சில காலமாக நான், படிப்பு, வயது, விசுவாசம், வேலை ஆகியவை ஒத்துவரும் பிள்ளைகளின் விவரத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு அவர்களுடையதாக இருக்கட்டும். "ஐயாவுக்கு இதுகூடத் தெரியாதா" என்று ஒன்றிரண்டு வீடுகளில் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

"உங்க வீட்டுல எப்படிங்க ஐயா?" என்று சபை மூப்பர் ஒருவர் நேராகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் திருமணம் பெற்றோர் பார்த்து, ஒரே சமுதாயத்திற்குள் நடந்தது. அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் எந்த விசுவாசியை அழைத்து வந்தாலும் ஓலையை நானே வாசிப்பேன் என்று என் தாயார் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். தாயார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவி, "சொல்றது சுலபம், உங்க அக்காவுக்கு யார் போன் பண்ணிச் சொல்றது?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இப்போதைக்கு ஆயர் மன்றத்தின் முன் நான் வைத்திருப்பது மிகச் சிறிய கோரிக்கை. எங்கள் சபையின் வரன் சேவைக்கான படிவத்தில் 'உட்பிரிவு' என்றொரு பத்தி இருக்கிறது. சபையின் முத்திரை பதித்த காகிதத்தில் அது இருக்கக் கூடாது என்றேன். பொருளாளர், அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் படிவத்தை வாங்க ஆள் வராது, அதனால் சேவையே நின்றுபோனால் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதனால் விவாதம் நீண்டு, முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை, கையிருப்பில் இருக்கும் படிவங்களில் அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டே கொடுத்து வருகிறேன். சிலர் அடித்த கோட்டுக்கு மேலேயே எழுதிக் கொண்டுவந்து தருகிறார்கள்.